சரக்குக் கப்பலில் பயணியாகப் போனால் நாட்கள் எப்படிப் போகும்?

கேள்வி இதுதான்: "ஓய்வு பெற்ற பிறகு ஒரு சரக்குக் கப்பலில் பணம் கட்டிப் பயணியாக ஒரு மாதம் போய்வர ஆசை. நடக்கிற காரியமா? போனால் அங்கே பொழுது எப்படிப் போகும், போரடிக்காதா?"

நான் 22 வருடம் கன்டெய்னர் கப்பல்களில் வேலை பார்த்தவன். கடைசி ஒன்பது வருடம் சீஃப் ஆபீசர், கேப்டனுக்கு அடுத்த பொறுப்பு. ஐரோப்பாவுக்கும் சீனாவுக்கும் இடையில் ஓடிய மூன்று கப்பல்களில் எங்களோடு பயணிகள் வந்தார்கள். கப்பல் ஓட்டத்தைக் கவனிக்கிற என் முறை, வாட்ச் என்போம், விடிகாலை 4 முதல் 8, மாலை 4 முதல் 8. சூரியன் உதிப்பதையும் மறைவதையும் பார்க்கப் பயணிகள் பிரிட்ஜுக்கு (கப்பலை ஓட்டுகிற உச்சி அறைக்கு) ஏறி வருவது அந்த நேரங்களில்தான். அதனால் கேப்டனைவிட நான்தான் அவர்களோடு அதிகம் பேசியிருப்பேன்.

முதலில் 12 என்ற எண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கடல் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம் சோலாஸ். அதன்படி 12 பேருக்கு மேல் பயணிகளை ஏற்றினால் அது பயணிகள் கப்பல். கட்டுமானம், தீத்தடுப்பு, உயிர்காப்புப் படகு எல்லாவற்றுக்கும் விதிகள் மாறிவிடும். 12 பேருக்குள் இருந்தால் அது சரக்குக் கப்பலாகவே ஓடலாம். நடைமுறையில் 12 பேரும் வருவதில்லை. முதலாளிக்கென்று கட்டிய ஓனர்ஸ் கேபின், இன்னும் ஒன்றிரண்டு காலி கேபின் என்று இருப்பதைத்தான் கொடுப்பார்கள். 300 மீட்டர் நீளக் கப்பலில் மாலுமிகள் 20 முதல் 25 பேர், பயணிகள் இரண்டு பேரோ நாலு பேரோ. மிச்சமெல்லாம் பெட்டிகள்.

அறுவடை நடக்கிற வீட்டுக்குப் போன விருந்தாளியின் நிலைமைதான் உங்களுக்கு. நல்ல சாப்பாடு உண்டு, படுக்க நல்ல இடம் உண்டு, எல்லோரும் பிரியமாகத்தான் இருப்பார்கள். ஆனால் கூடவே உட்கார்ந்து பேச எவருக்கும் நேரம் இருக்காது. நீங்களாகக் களத்துப் பக்கம் போய் ஓரமாக நின்றால் பேச்சு தானாக வரும். இதைப் புரிந்துகொண்டு வந்தவர்கள் போரடிக்கிறது என்று சொல்லி நான் கேட்டதில்லை. புரியாமல் வந்த ஒருவர் மூன்றாம் நாளே கேபினுக்குள் முடங்கிப் படம் பார்த்துக் கழித்தார். அவருக்கு அந்த 26 நாளும் நீளமாகத்தான் இருந்திருக்கும்.

ஏறின உடனே தேர்ட் மேட், அதாவது மூன்றாம் நிலை அதிகாரி, வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு போவார். லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட், உடம்பு முழுக்க மூடுகிற ஆரஞ்சு நிற இமெர்ஷன் சூட், எல்லாம் காட்டுவார். ஏழு குட்டை ஒலி, ஒரு நீண்ட ஒலி கேட்டால் எந்த இடத்தில் வந்து நிற்கவேண்டும், எந்தப் படகில் உங்கள் இடம் என்று சொல்லித்தருவார். அந்தச் சூட்டை ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடுங்கள். கை விரல்கூட அடங்கிவிடும் தடித்த ரப்பர் உடை அது. முதல் தடவை போட்டு முடிக்கவே அஞ்சு நிமிஷம் ஆகும். நிஜமாகத் தேவைப்படும்போது அஞ்சு நிமிஷம் இருக்காது.

கேபின் நீங்கள் நினைப்பதைவிடப் பெரியது. ஒரு படுக்கையறை, ஒரு சோபாவும் மேசையும் உள்ள முன்னறை, கழிப்பறையோடு குளியலறை, சின்ன ஃபிரிட்ஜ். மேசை விளிம்பு சற்றே உயர்ந்திருக்கும், இழுப்பறைகளுக்குக் கொக்கி இருக்கும். இதெல்லாம் எதற்கென்று முதல் வாரம் தெரியாது. ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும் என்று நம்பிப் போகாதீர்கள். முன்பக்கக் கேபின் என்றால் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெட்டியின் முதுகு நிற்கலாம். அடுத்த துறைமுகத்தில் அதை இறக்கினால் வெளிச்சம் வரும். வேறொன்றை அங்கேயே ஏற்றினால் போச்சு.

சாப்பாட்டு நேரம் கடிகாரம் மாதிரி. காலை ஏழரை, பகல் பன்னிரண்டு, மாலை அஞ்சரை. நடுவில் பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் காபி. ஆபீசர்ஸ் மெஸ்ஸில் உங்களுக்கென்று ஒரு நாற்காலி ஒதுக்குவார்கள். முதல் நாள் உட்கார்ந்த இடத்திலேயே கடைசிவரை உட்காருங்கள், அங்கே இடம் மாறினால் கவனிப்பார்கள். பெரும்பாலும் குக் பிலிப்பினோ. காலையிலேயே பூண்டு சாதமும் பொரித்த முட்டையும் இருக்கும். கீரை, தக்காளி எல்லாம் துறைமுகம் விட்ட முதல் பத்து நாள்தான். அதற்கப்புறம் முட்டைக்கோசு, கேரட், உருளைக்கிழங்கு, வெங்காயம். சைவம் சாப்பிடுகிறவர் என்றால் முன்னாலேயே எழுதிச் சொல்லிவிடுங்கள், வந்த பிறகும் குக்கிடம் நேரில் போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த மனிதர் ஒரு நாளைக்கு மூன்று வேளை 25 பேருக்கு, கப்பல் ஆடினாலும் ஆடாவிட்டாலும் சமைக்கிறவர். தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது நன்றாக இருந்தது என்று சொன்னால் அடுத்த வேளை உங்கள் தட்டில் அது தெரியும்.

இன்னொரு விஷயம் தூக்கம். கிழக்கே போகும்போது சில நாளுக்கு ஒரு தடவை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். ஹாம்பர்கிலிருந்து ஷாங்காய் போவதற்குள் குளிர்காலத்தில் ஏழு மணி நேரம் இப்படிக் கரையும், கோடையில் ஆறு. விமானத்தில் மொத்தமாக வாங்குகிற அடியைக் கப்பலில் சில்லறையாக வாங்குகிறோம், உடம்புக்கு வலிப்பதில்லை.

ஆட்டம் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. ஆங்கிலக் கால்வாயை விட்டு பிஸ்கே வளைகுடாவுக்குள் நுழையும்போது பெரும்பாலும் முதல் பாடம் நடக்கும். அட்லான்டிக் அலை பக்கவாட்டில் வந்து மோத, கப்பல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாகச் சாயும். அலமாரிக்குள் ஏதோ ஒன்று உருண்டுகொண்டே இருக்கும். அது என்ன என்று எழுந்து தேடிக் கண்டுபிடிக்காமல் தூங்கவே முடியாது. மாலுமிகள் எல்லோரும் செய்கிற ஒரு வேலை உண்டு: லைஃப் ஜாக்கெட்டை எடுத்து மெத்தையின் வெளி ஓரத்துக்கு அடியில் சொருகிவிடுவது. மெத்தை சுவர்ப் பக்கமாகச் சரிந்து ஒரு தொட்டில் மாதிரி ஆகிவிடும், முதுகு சுவரில் அணைந்துகொள்ளும், உருளமாட்டீர்கள். தலை சுற்றினால் வெறும் வயிற்றோடு படுக்காதீர்கள். உப்பு பிஸ்கட், இஞ்சி, பச்சை ஆப்பிள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகட்டும். முடிந்தால் வெளியே வந்து தொடுவானத்தைப் பாருங்கள். அனேகமாக மூன்றாம் நாள் சரியாகிவிடும். 20 வருடம் கடலில் இருந்தும் ஒவ்வொரு தடவையும் முதல் நாள் வாந்தி எடுக்கிற சீஃப் இன்ஜினியரோடு நான் வேலை செய்திருக்கிறேன், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கப்பலிலேயே எனக்குப் பிடித்த இடம் எது என்று கேட்டால் மூக்கு, அதாவது கப்பலின் முன்முனை, என்பேன். பயணிகளிடமும் முதலில் அதைத்தான் சொல்வேன். பிரிட்ஜுக்கு போன் செய்து "முன்னால் நடந்து போகிறேன்" என்று சொல்லிவிட்டு, ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு மெயின் டெக்கில் நடக்க ஆரம்பியுங்கள். தலைக்கு மேலே பெட்டி அடுக்குகள். அவற்றைக் கட்டியிருக்கிற இரும்புக் கம்பிகள் கப்பல் சாயும்போதெல்லாம் முனகும். குளிர்ப்பெட்டிகளின் மோட்டார் ஒரு பக்கம் இரைந்துகொண்டிருக்கும். காலடியில் இன்ஜினின் அதிர்வு. இருநூறு மீட்டருக்கு மேல் இப்படி நடந்து, கடைசிப் படிகளில் ஏறி முன்தளத்துக்கு வந்தால் சத்தம் சட்டென்று நின்றுவிடும். இன்ஜின் அவ்வளவு தூரம் பின்னால் இருக்கிறது. இத்தனை பெரிய இரும்பு மலை ஓடுகிறது, ஆனால் காதில் விழுவது தண்ணீர் பிளக்கிற ஒலி மட்டும். எட்டிப் பார்த்தால் கீழே பல்பு மாதிரிப் புடைத்த மூக்கு, அதற்கு முன்னால் சில நாள் டால்பின்கள். செங்கடலில் என்றால் கோலா மீன்கள் கூட்டமாக எழும்பிப் பறக்கும், வெள்ளிக்காசை வாரி இறைத்த மாதிரி. ஒரு ஜெர்மன் அம்மா, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தினமும் அங்கே போய்விடுவார். கடல் மோசமான நாட்களில் அங்கே போக விடமாட்டோம். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

பிரிட்ஜுக்குப் பயணிகளை விடுவது கேப்டனின் விருப்பம், ஆனால் நான் பார்த்த எல்லாக் கேப்டன்களும் விட்டார்கள். துறைமுகத்துக்கு வழிகாட்டும் பைலட் ஏறியிருக்கும்போது, துறைமுகம் நெருங்கும்போது மட்டும் வாயே திறக்கக்கூடாது. நடுக்கடலில் தாராளமாகப் பேசலாம். விடிகாலை நாலரை மணிக்கு வந்தால் முதலில் ஒன்றுமே தெரியாது, அவ்வளவு இருட்டாக வைத்திருப்போம். மேப் மேசைக்குக்கூடக் கறுப்புத் திரை. கண் பழகப் பத்து நிமிஷம் ஆகும். அதற்குப் பிறகு வெளியே பிரிட்ஜ் விங் என்கிற பக்கவாட்டு மேடைக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். ஊரில் விளக்கு இல்லாத காலத்தில் நம் பாட்டன் பாட்டி பார்த்த வானம் அதுதான். பால்வெளி மண்டலம் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போகும். 40 மீட்டர் உயரத்திலிருந்து தொடுவானம் 24 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, ஆகவே உங்களைச் சுற்றி 48 கிலோமீட்டர் விட்டத்துக்குத் தண்ணீர், அதில் பல நாட்கள் வேறு ஒரு விளக்குகூட இருக்காது. கப்பல் 18 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 18 கடல்மைல், ஒரு நாளைக்கு 800 கிலோமீட்டர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் நகர்வதே தெரியாது.

இன்ஜின் ரூமை ஒரு தடவையாவது பார்த்துவிடுங்கள். இன்ஜினே நாலு மாடி உயரம். அதன் தண்டு நேராகப் புரொப்பெல்லரைச் சுற்றுகிறது, நடுவில் கியர் கிடையாது. நிமிஷத்துக்கு 80, 90 சுற்றுதான். எரிபொருள் தார் மாதிரிக் கெட்டியானது. 100 டிகிரிக்கு மேல் சூடாக்கி இளக்கித்தான் உள்ளே அனுப்புவார்கள். எனக்கு அங்கே எப்போதும் ஆச்சரியம் ஓர் ஓரத்தில் நிற்கும் நன்னீர் இயந்திரம். இன்ஜினைக் குளிர்வித்து வருகிற சூட்டுத் தண்ணீரைக் கொண்டு, வெற்றிடத்தில் கடல்நீரை 50 டிகிரிக்குள்ளேயே கொதிக்கவைத்து ஆவியாக்கிக் குளிர்விக்கிறது. காலையில் நீங்கள் குளித்தது அந்தத் தண்ணீர்.

சூயஸ் கால்வாய் வழியாகப் போகிற கப்பல் என்றால் அன்றைக்குத் தூங்காதீர்கள். 1869-இல் திறந்த கால்வாய், 193 கிலோமீட்டர், நடுவில் ஒரு மதகுகூட இல்லை. தெற்கே போகிற கப்பல்கள் விடியும் முன்பே போர்ட் சயீதிலிருந்து வரிசையாகக் கிளம்பும். முன்னால் ஒரு கப்பல், பின்னால் ஒரு கப்பல், சைக்கிள் வேகம். வலது கைப் பக்கம் பேரீச்ச மரம், வயல், ஊர், மசூதிக் கோபுரம். இடது கைப் பக்கம் சினாய் மணல். கடலில் பழகின கண்ணுக்கு இவ்வளவு பக்கத்தில் ஒரு பையன் கழுதையோட்டிப் போவது தெரிந்தால் என்னவோ செய்யும். அவசரத்துக்குக் கப்பலைக் கரையில் கட்டுவதற்கென்று எகிப்தியப் படகுக்காரர்கள் தங்கள் படகோடு மேலே ஏறுவார்கள். கட்டுகிற வேலை அனேகமாக வராது. நடையில் ஒரு துணியை விரித்து பாப்பிரஸ் படமும் ஒட்டகப் பொம்மையும் விற்பார்கள். ஆசிரியை அம்மா ஒரு மணி நேரம் பேரம் பேசி மூன்று ஒட்டகம் வாங்கினார். 2023 கடைசியிலிருந்து செங்கடலில் ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும் பெரிய நிறுவனங்கள் பலவும் ஆப்பிரிக்காவைச் சுற்றி நன்னம்பிக்கை முனை வழியே திருப்பிவிட்டன. அது 3,000 கடல்மைலுக்கு மேல் கூடுதல், ஏறத்தாழ பத்து நாள். அதற்கு முன்னால் சோமாலியக் கொள்ளையர் காலத்தில் கப்பலைச் சுற்றி முள்கம்பி கட்டி, ராத்திரி விளக்கணைத்து ஏடன் வளைகுடாவைக் கடந்திருக்கிறோம். அந்த நாட்களில் வெளி டெக்குக்கு யாரையும் விடமாட்டோம்.

இவ்வளவும் சொன்னாலும், போய்வந்தவர்கள் பிற்பாடு எழுதும் கடிதங்களில் கடல் கால்வாசிதான், மனிதர்கள்தான் முக்கால்வாசி. கப்பலில் இருப்பவர்கள் அஞ்சு மாதம், ஒன்பது மாதம் வீட்டைப் பார்க்காதவர்கள். பிலிப்பினோக்கள், நம் ஆட்கள், உக்ரைன், ருமேனியா. ஒரே முகங்களைப் பார்த்துப் பார்த்து, சொன்ன கதையையே சொல்லி அலுத்திருப்பார்கள். புதிதாக ஒருவர் வந்து "உங்கள் ஊரில் இப்போது என்ன பருவம், பெண் எத்தனாவது படிக்கிறாள்" என்று கேட்டால், அது அவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று நிலத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பின்தளத்தில் கரி அடுப்பு போட்டு இறைச்சி சுடுவார்கள், கரோக்கே பாடுவார்கள். கூப்பிட்டால் போங்கள், பாடத் தெரியாவிட்டாலும் பாடுங்கள்.

அந்த ஆசிரியை ஏறின இரண்டாம் நாளே எல்லோர் பெயரையும் ஒரு நோட்டில் எழுதி மனப்பாடம் செய்துவிட்டார். வேலை செய்யும்போது ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டு படம் எடுத்தார். மெஸ்ஸில் பரிமாறுகிற மெஸ்மேன் பையனுக்கு 21 வயது, முதல் கான்ட்ராக்ட். அவன் காபிக் குடுவையோடு, ஆடுகிற தரையில் ஒரு காலை அகட்டி நின்று சிரிக்கிற படம். மலேசியாவின் போர்ட் கிளாங்கில் இறங்கும்போது எல்லோரிடமும் வீட்டு முகவரி வாங்கிக்கொண்டார். நான் லீவு முடிந்து அதே கப்பலுக்குத் திரும்பினபோது அந்தப் பையன் தன் போனைக் கொண்டுவந்து காட்டினான். அவன் அம்மா, சட்டம் போட்ட அந்தப் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வீட்டு வாசலில் நிற்கிறாள். மகன் வேலை செய்கிற இடத்தை அவள் பார்த்தது அன்றைக்குத்தான்.

துறைமுகத்தைப் பற்றி அதிகம் எதிர்பார்க்காதீர்கள். கன்டெய்னர் துறைமுகங்கள் ஊருக்கு வெகு தொலைவு, கப்பல் நிற்பதும் பல இடங்களில் ஒரு நாளுக்குள்தான். டெர்மினலுக்குள் நடக்கவும் விடமாட்டார்கள், வேனில்தான் போகவேண்டும். மாலுமிகளுக்கான சங்க விடுதி பல துறைமுகங்களில் உண்டு, அவர்களின் வண்டியில் இடம் இருந்தால் உங்களையும் ஏற்றிக்கொள்வார்கள். கப்பல் கிளம்பும் நேரத்தைக் கேங்வேயில், அதாவது ஏறி இறங்கும் படிக்கட்டில், பலகையில் எழுதியிருக்கும். அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்துவிடுங்கள், உங்களுக்காகக் கப்பல் நிற்காது. சில சமயம் துறைமுகமே மாறும், சில சமயம் நங்கூரம் போட்டு நாலு நாள் காத்திருப்போம். திரும்பும் விமான டிக்கெட்டைத் தேதி மாற்ற முடிகிற மாதிரி வாங்குங்கள்.

உடம்பு விஷயத்தில் மறைக்காமல் சொல்கிறேன். கப்பலில் டாக்டர் கிடையாது. முதலுதவி, மருந்துப் பெட்டி எல்லாம் பெரும்பாலும் செகண்ட் மேட் பொறுப்பு. பெரிய சிக்கல் என்றால் கரையில் உள்ள டாக்டரிடம் கேட்டுச் செய்வோம். ரோமில் 1935-இலிருந்து இதற்கென்றே ஒரு வானொலி மருத்துவ மையம் இலவசமாக இயங்குகிறது, அதன் முதல் தலைவர் மார்க்கோனி. ஆனால் நடுக்கடலில் ஹெலிகாப்டர் எட்டாது. அதனால்தான் டாக்டர் சான்றிதழ் கேட்கிறார்கள், வயது வரம்பு 75 அல்லது 80 என்று வைக்கிறார்கள், உங்களுக்காகக் கப்பல் வழி மாறினால் ஆகும் செலவுக்குத் தனிக் காப்பீடும் கேட்கிறார்கள். இதய நோய் உள்ளவர்கள் ஆசைப்பட்டுக் கிளம்பவேண்டாம்.

சரி, இப்போது முடியுமா? 2020-க்கு முன்னால் நாளொன்றுக்குச் சுமார் 100 யூரோவோ கொஞ்சம் மேலேயோ கொடுத்தால் சாப்பாட்டோடு இடம் கிடைத்தது. பிரான்சின் சி.எம்.ஏ. சி.ஜி.எம். போன்ற பெரிய நிறுவனங்களே ஏற்றின. 2020 மார்ச்சில் கோவிட்டுக்காக நிறுத்தினார்கள், பெரும்பாலானவர்கள் திரும்பத் தொடங்கவில்லை. இன்றைக்குத் தேடினால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கிடைக்கும். ஆனால் சரக்கும் ஆட்களும் சேர்ந்து போகிற கப்பல்கள் இருக்கின்றன. பசிபிக்கில் டாஹிட்டியிலிருந்து மார்க்கேசாஸ் தீவுகளுக்கு 12 நாள் போய்வரும் அரனுயி 5 அப்படி ஒன்று. சிமென்ட்டும் அரிசியும் இறக்கிவிட்டுக் கொப்பரை ஏற்றி வரும், அதில் டாக்டரும் உண்டு. நார்வேயில் 1893-இல் தொடங்கிய கடலோரக் கப்பல் சேவை இன்று பெர்கனிலிருந்து கிர்கெனெஸ் வரை 34 துறைமுகங்களில் நின்று போகிறது. நம் பக்கம் என்றால், சென்னையிலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் போன ரஜூலாவும் அதற்குப் பின் வந்த சிதம்பரமும் போய்விட்டன. சிதம்பரம் 1985 தீவிபத்தோடு நின்றது. அந்தமானுக்குச் சென்னையிலிருந்து போகிற அரசுக் கப்பல் இன்றும் இருக்கிறது, ஏறத்தாழ மூன்று நாள். கடல் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று முதலில் அதில் போய்ப் பாருங்கள். அடுக்குப் படுக்கைகள் உள்ள பங்க் வகுப்பு வேண்டாம், கேபின் எடுங்கள், இரண்டு இரவும் டெக்கில் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

பெட்டியில் வழுக்காத அடியுள்ள மூடிய ஷூ, ஒரு கெட்டியான ஸ்வெட்டர், பைனாகுலர், சாப்பிடுகிற மாத்திரை தேவைக்கு இரண்டு மடங்கு, ஊறுகாய் இரண்டு பாட்டில். இரண்டாவது பாட்டில் மெஸ்ஸுக்கு. அங்கே நம் ஊர்ப் பையன் ஒருவனாவது இருப்பான்.